வில்வம்பூவோடு மடித்த சாரம்

அருள்நாயகியின் வீட்டில் வாசல் கதவுக்குக்கூடப் பூட்டு இல்லை. பூட்டு இருந்தது ஒரேயொரு றங்குப்பெட்டிக்குத்தான். அதன் திறப்பு அவளுடைய கழுத்தில், மடு மாதா பதக்கத்தோடு ஒரே கயிற்றில் கிடந்தது. இலுப்பைக்கடவைக்குத் திரும்பி வந்து குடியேறிய புதிதில், மழை பெய்தால் வீட்டுக்குள்ளும் பெய்த அந்தத் தறப்பாள் கொட்டில் காலத்திலும் அப்படித்தான். பெட்டிக்குள் நகை கிடக்கிறது என்று அயலில் பேசிக்கொண்டார்கள். பதுங்குகுழிக்குப் பதுங்குகுழி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடியவளிடம் எங்கே நகை மிஞ்சும் என்று ஒருத்தராவது யோசித்திருக்கலாம். ஊர்வாய்க்கு யோசனை எதற்கு?

பெட்டிக்குள் இருந்தது ஒரு சாரம். ஆண்கள் இடுப்பில் உடுத்துகிற சாதாரணச் சாரம்தான். நீலக் கட்டம் போட்டது, ஓரத்தில் பீடி நெருப்புப் பட்டு ஒரு ஓட்டை. அவள் அதை ஒருநாளும் தோய்க்கவில்லை.

சாரத்துக்குச் சொந்தக்காரன் பஸ்ரியன், அவளுடைய புருஷன். கடலுக்குப் போகிறவன். படகில் பூட்டும் வெளியிணைப்பு இயந்திரங்களைத் திருத்தக்கூடியவன் என்பதால் சண்டைக் காலத்தில் கொஞ்ச நாள் இயக்கத்தின் படகுகளையும் திருத்திக் கொடுத்தான். மாட்டேன் என்று சொல்லக்கூடிய காலமா அது? கடைசியில், எல்லாம் முடிந்து சனம் ஒரு பாலத்தைக் கடந்து மறுபக்கம் வந்தபோது, இயக்கத்தோடு ஒருநாளாவது சேர்ந்திருந்தவர்கள் பெயரைப் பதியலாம், விசாரித்துவிட்டு அனுப்பிவிடுவார்கள் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். பஸ்ரியன் ஒலிபெருக்கியை நம்பினான். அவனுக்கு முதல் தொழில் ஆட்களை நம்புவது, மீன்பிடி இரண்டாவது.

பெரிய ஆட்களுக்கு முன்னால் சாரத்தோடு நிற்பது மரியாதை இல்லை என்று அவனுக்கு ஒரு எண்ணம். அந்த நிலைமையிலும் அந்த எண்ணம் வந்தது. யாரிடமோ ஒரு காற்சட்டை வாங்கிப் போட்டுக்கொண்டு, உடுத்திருந்த சாரத்தை உருட்டி அவளுடைய கையில் கொடுத்தான்.

"இந்தா, வச்சிரு. வந்து உடுத்திறன்."

அவ்வளவுதான் சொன்னான். பால்குடி மறக்காத டிலோஜினியின் கன்னத்தில் ஒரு தட்டுத் தட்டிவிட்டு பஸ்ஸில் ஏறினான். பஸ் போனது. எங்கே போனது என்று அருள்நாயகி கேட்ட எவருக்கும் தெரியவில்லை. அகதி முகாமில் இருந்த காலத்திலும், ஊருக்கு வந்த பிறகும் அவள் அரசாங்கக் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கினாள். ஒரு கந்தோரில் இருந்த ஐயா தன்மையான மனிதர். இறந்துவிட்டார் என்று ஒரு அத்தாட்சி எடுத்துக்கொண்டால் உதவி கிடைக்கும், பிள்ளைக்கு நல்லது என்றார். அவர் செத்ததை நீங்கள் கண்டனீங்களோ என்று அவள் கேட்டாள். அவர் மேலே சுழன்ற விசிறியைப் பார்த்தார். அதற்குப் பிறகு அவள் அந்தக் கதிரையில் போய் இருக்கவில்லை.

அவன் வருவான் என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை, அல்லது சந்தேகத்தை அவள் வீட்டுக்குள் எடுக்கவில்லை. அவளுடைய பயம் வேறு. வருகிறபோது பிள்ளைக்குத் தகப்பனைத் தெரிய வேண்டும். தெரியாமல் தாயின் பின்னால் ஒளித்துக்கொண்டு, "ஆர் அம்மா இது?" என்று கேட்டால் அந்த மனிதன் என்ன ஆவான்?

படம் காட்டலாம் என்றால் படம் இல்லை. அவர்களுடைய அல்பம் எந்தப் பதுங்குகுழியில் மண்ணோடு போனதோ தெரியாது. தோட்டவெளியில் இருக்கும் அவளுடைய அக்காவின் வீட்டுச் சுவரில் ஒரு கலியாணப் படம் தொங்கியது. அவள் ஆசையோடு போய்ப் பார்த்தாள். படம் எடுத்த நேரம் பஸ்ரியனை யாரோ கூப்பிட்டிருக்கிறார்கள், மனிதன் திரும்பிவிட்டான். ஒரு காதும் எண்ணெய் வைத்து வாரிய தலையும் மட்டும் விழுந்திருந்தன. கூப்பிட்டவன் நன்றாயிருக்கட்டும். தகப்பன் என்று ஒரு காதைக் காட்டி எப்படிப் பிள்ளை வளர்ப்பது?

ஆகவே மணம்தான் இருந்தது. சாரத்தில் பஸ்ரியன் அப்படியே இருந்தான். உப்பு, வேர்வை, பீடி, இயந்திரத்துக்கு விடும் மண்ணெண்ணெய், தலைக்கு வைத்த தேங்காயெண்ணெய், இவற்றுக்கெல்லாம் அடியில் பெயர் சொல்லத் தெரியாத இன்னொன்று. அந்த இன்னொன்றுதான் அவன். பிள்ளை நடக்கத் தொடங்கிய காலத்தில் இருந்தே அவள் பெட்டியைத் திறந்து, சாரத்தை மூக்கடியில் பிடித்து, "ஆர் இது, சொல்லு" என்று கேட்பாள். பிள்ளை கண்ணை மூடி இழுத்து மணந்துவிட்டுச் சொல்லும்.

"அப்பா கடலால வந்திட்டார்."

யாரும் சொல்லிக் கொடுத்த வசனம் அல்ல. பிள்ளை தானாகக் கண்டுபிடித்தது. அதைக் கேட்ட அன்று அருள்நாயகி பாத்திரம் கழுவுகிற சாட்டில் கிணற்றடியில் போய் நின்று அழுதாள். சந்தோஷத்தில் அழுதாளா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது.

பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகு ஒரு கூத்து நடந்தது. உன்னுடைய அப்பா எங்கே என்று பிள்ளைகள் கேட்டதற்கு, எங்கட வீட்டுப் பெட்டிக்குள்ள இருக்கிறார், அம்மா பூட்டி வச்சிருக்கிறா என்று டிலோஜினி சொல்லிவிட்டாள். பின்னேரமே பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் சீனி கேட்கிற சாட்டில் வந்து, பெட்டியை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அருள்நாயகிக்குச் சிரிப்பு வந்தது. நெடுநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

ஆனால் சாரத்தின் மணம் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டு வந்தது. முதலில் எண்ணெய் போனது. பிறகு மண்ணெண்ணெய். முன்பு பெட்டி மூடியைத் தூக்கியதும் வந்தவன், இப்போது துணிக்குள் முகத்தைப் புதைத்துத் தேடினால்தான் வந்தான். அவள் திறப்பதைக் குறைத்தாள். மனம் தாங்காத போதெல்லாம் திறந்தவள், பஸ்ரியனின் பெயர்கொண்ட புனிதரான செபஸ்தியாரின் பெருநாளன்று மட்டும் திறப்பது என்று தனக்குத்தானே ஒரு சட்டம் வைத்தாள். தை மாதத்தில் வரும் அந்த ஒரு நாளுக்காகத் தாயும் மகளும் வருஷம் முழுக்கக் காத்திருந்தார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் ஊரில் பூத் தேத்தண்ணிக் கொட்டில் வந்தது. ஒரு தொண்டு நிறுவனம் கூரை போட்டுக் கொடுக்க, கம்பசில் மூலிகைத் தேத்தண்ணி பற்றி ஆராய்ச்சி செய்த நிவேதிகா என்ற பிள்ளை வந்து பழக்கினாள். எல்லாரும் அவளை மிஸ் என்றார்கள். அவளோ எல்லாரையும் அக்கா என்றாள். ஆவரசு அந்தக் கரையெல்லாம் கேட்பாரற்று மஞ்சளாகப் பூத்துக் கிடந்தது. வில்வம்பூ உள்பக்கத்து வயல் ஊர்களில் இருந்து வந்தது. கோயில் மரத்தில் கை வைக்க ஐயர் விடமாட்டார், உதிர்ந்ததை அள்ளலாம் என்பார். வயல்காரப் பெண்கள் விடியவே அதைக் கூட்டி அள்ளிக் கடகத்தில் கொண்டு வருவார்கள். ஆவரசு நிறத்துக்கும் சத்துக்கும், வில்வம் மணத்துக்கும் என்று நிவேதிகா சொன்னாள்.

பூக் காயவைக்கிற வேலை அருள்நாயகிக்கு வந்தது. கருவாடு காயவைத்தவளுக்குப் பூ எம்மாத்திரம் என்று அவள் தலைநிமிர்ந்துதான் தொடங்கினாள். முதன்முதலில் வந்த பூவை வீட்டில் இருந்த நல்ல பனையோலைப் பாய்களில் பரப்பிக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். கரையில் இருந்து வந்த பெண்கள் மணந்து பார்த்து அருமை என்றார்கள். நெடுங்காலம் கரையை விட்டு வெளியூரில் இருந்து, விடத்தல்தீவுக்குத் திரும்பி வந்து குடியேறிய நசீறா ராத்தா மட்டும் ஒரு வாய் குடித்துவிட்டு, கோப்பையைத் தள்ளி வைத்தாள்.

"அருள், இது தேத்தண்ணியா கருவாட்டுக் குழம்பா?"

பாய்கள் கருவாட்டுப் பாய்கள். எத்தனையோ தரம் கழுவியவைதான். கருவாட்டோடு பிறந்து வளர்ந்த மூக்குகளுக்கு அது ஒரு மணமாகவே தெரியவில்லை. நிவேதிகா விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு, காய்ந்த பூ பக்கத்தில் இருக்கிற மணத்தையெல்லாம் குடிக்கும், சவர்க்காரம், மண்ணெண்ணெய், மீன் எதையும் கிட்ட வைக்கக்கூடாது என்று விளக்கினாள். அருள்நாயகிக்கு வெட்கமாகப் போய்விட்டது. பூ மற்றதன் மணத்தைக் குடிக்கும் என்பதை அவள் நன்றாகப் பிடித்துக்கொண்டாள். தன் மணத்தை மற்றதுக்குக் கொடுக்கவும் செய்யும் என்ற மறுபக்கத்தை அன்று யாரும் சொல்லவில்லை, அவளும் யோசிக்கவில்லை. இந்தக் கதையில் கேடு அங்கேதான் இருந்தது.

அதற்குப் பிறகு அவள் வேலையில் கவனமானாள். நிழலில் காயவைத்தாள், பூவின் காம்பைக் கிள்ளினாள், நசீறா ராத்தாவோடு சேர்ந்து பைகளில் போட்டு ஒட்டினாள். உள்பக்கம் வெள்ளிபோல மினுங்கும் பைகள் அவை. வாயைச் சூடான கம்பிக்கு இடையில் வைத்து அழுத்தினால் காற்றும் புகாமல் ஒட்டிக்கொள்ளும். கொட்டிலில் வேலை செய்கிற பெண்களின் தலைமயிரிலும் சட்டையிலும் வில்வம்பூ மணம் ஏறி இருந்தது. வீட்டுக்குப் போனால் டிலோஜினி ஓடிவந்து கட்டிப்பிடித்து, வயிற்றில் முகத்தை வைத்துக்கொண்டு நிற்கும். முன்பெல்லாம் கருவாடு மணக்குது என்று விலகி ஓடிய பிள்ளை. அருள்நாயகிக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

ஒருநாள் நிவேதிகா மணத்தைப் பற்றிப் பாடம் எடுத்தாள். ஒரு பூவின் மணம் ஒன்றல்ல, கண்ணுக்குத் தெரியாத பல பொருள்கள் கூடித்தான் ஒரு மணம், கம்பசில் இருக்கிற மெசின் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்துக் காட்டும் என்றாள். அந்தப் பொருள்களுக்குக் காலில்லை, ஆனால் பறக்கும். வெயில் பட்டால் பறக்கும், சூடு பட்டால் பறக்கும், மூடியைத் திறக்கிற ஒவ்வொரு தரமும் கொஞ்சம் பறக்கும். அதனால் பையை அடிக்கடி திறந்து மணந்து பார்க்காதீர்கள், நீங்கள் மணக்கிற மணம் பைக்குள் இருந்து போன மணம்.

மற்றப் பெண்களுக்கு அது தேத்தண்ணிப் பாடம். அருள்நாயகிக்கு அது பெட்டியைப் பற்றிய பாடம். பிள்ளைக்குத் தகப்பனைக் காட்டுகிறேன் என்று ஒவ்வொரு தரமும் பெட்டியைத் திறந்து, தகப்பனைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விட்டிருக்கிறாள். முகாமில் தாங்க முடியாமல் முகத்தைப் புதைத்து அழுத நாட்களில் எவ்வளவு போயிருக்கும்?

அடுத்த முறை வந்தபோது நிவேதிகா இரண்டு போத்தல் நல்லெண்ணெய் கொண்டு வந்தாள். இரண்டும் ஒரே எண்ணெய், ஒரே வெயிலில் வாரக்கணக்காக வைத்தது. ஒன்றில் மட்டும் காய்ந்த பூக்களின் சத்தை இறக்கிக் கலந்திருந்தாள். பெண்கள் மணந்து பார்த்தார்கள். வெறும் எண்ணெய் பழுதாகி மூக்கைத் திருப்பியது. மற்றது செக்கில் இருந்து வந்த அன்று மணந்ததுபோலவே மணந்தது. பிறகு ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் ஊதா நிறத் தண்ணீர் எடுத்து, அதில் வடித்த தேத்தண்ணியைச் சில துளி விட்டாள். ஊதா மங்கி மங்கி மஞ்சளானது. காற்றுப் பட்டுப் பொருள்கள் கெட்டுப்போவதை இந்தப் பூவில் இருக்கிற சத்து மறித்து நிற்கிறது, அதற்குத்தான் அன்ரிஒக்சிடன்ற் என்று பெயர் என்றாள். பெயர் யாருடைய வாயிலும் நிற்கவில்லை. ஆனால் போத்தல் அருள்நாயகியின் கையை விட்டுப் போகவில்லை. அவள் திரும்பத் திரும்ப அதை மணந்தாள்.

"மிஸ், எண்ணெய்க்கு மட்டுமோ? வேற சாமான் ஒண்டைக் காத்துப் படாமல் வச்சாலும் இது காக்குமோ?"

நிவேதிகா குழாய்களைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.

"எல்லாத்துக்கும் காத்துத்தான் அக்கா எதிரி," என்றாள்.

என்ன சாமான் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அருள்நாயகி சொல்லியிருக்கமாட்டாள். புருஷனின் தோய்க்காத சாரத்தைப் பற்றிப் படித்த பிள்ளையிடம் எப்படிச் சொல்வது? பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று நசீறா ராத்தாவிடமே அவள் சொல்லவில்லை.

அவள் தனக்குத் தெரிந்த வழியில் யோசித்தாள். கட்டா மீனைப் பிளந்து உப்பில் போடுகிறவர்கள் உப்பை ஒரு மூலையிலும் மீனை ஒரு மூலையிலும் வைப்பதில்லை. ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு, அதற்கு மேல் ஒரு அடுக்கு மீன். காக்கிற பொருள் காக்கப்படுகிற பொருளைத் தொட்டுக்கொண்டு இருக்க வேண்டும். தொடாத இடம் பழுதாகும். கரையில் பிறந்த எந்தப் பெண்ணைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வாள். உப்புப் போட்ட மீன் பிறகு உப்பாகத்தான் இருக்கும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அது மீனுக்குக் குறையில்லை, ஆகவே யாரும் அதை நினைப்பதில்லை.

செபஸ்தியார் பெருநாள் முடிந்த கையோடு, அந்த வருஷத்துக்கு ஒரு தரம் பிள்ளைக்குக் காட்டி முடித்த பிறகு, அவள் காரியத்தில் இறங்கினாள். கொட்டிலில் இருந்து பெரிய வெள்ளிப் பை ஒன்றையும், தான் காயவைத்ததிலேயே நல்ல பூவையும் கேட்டு எடுத்து வந்தாள். குளித்து, கையைச் சாம்பல் போட்டுக் கழுவி, வாசலைச் சாத்திவிட்டு நிலத்தில் இருந்தாள். சாரத்தை விரித்தாள். முகத்தைக் கிட்டக் கொண்டுபோகாமல் தலையைத் திருப்பிக்கொண்டாள், மூச்சில்கூட ஒரு துளி போய்விடக்கூடாது என்று. ஒரு அடுக்கு வில்வம்பூ, ஒரு மடிப்பு. ஒரு அடுக்கு ஆவரசம்பூ, ஒரு மடிப்பு. பீடி சுட்ட ஓட்டைக்கும் ஒரு பூ வைத்தாள். பைக்குள் போட்டு, அடுத்த நாள் விடிய எல்லாருக்கும் முதல் கொட்டிலுக்குப் போய்ச் சூட்டுக் கம்பியில் வாயை ஒட்டினாள். காற்றுப் போகிறதா என்று காதில் வைத்து அழுத்திப் பார்த்தாள். போகவில்லை.

அந்த வருஷம் அவளுக்கு நல்ல வருஷம். அப்படித்தான் சொல்ல வேண்டும், அவளுக்கு அப்படித்தான் இருந்தது. வீட்டுத்திட்டத்தில் கல்வீடு எழும்பியது. கொட்டிலில் தேத்தண்ணிக்குப் பெயர் வந்தது, பார்க்க வருகிற ஆட்களுக்கெல்லாம் நிவேதிகா அருள்நாயகியைத்தான் காட்டினாள், இந்த அக்காவின் கைப்பட்ட பூவில் மணம் போகாது என்று. கந்தோரில் இருந்து யாரோ மறுபடியும் அத்தாட்சிக் கதை கொண்டு வந்தபோது அவள் கோபிக்கவில்லை, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போங்கோ என்று சிரித்தாள். அவன் எப்போது வந்தாலும் வரட்டும். இருந்த கொஞ்சத்தையும் காற்று இனித் தொடாது. மனதில் இருந்த பயம் இறங்கியவுடன் அவளுக்குச் சதை பிடித்தது, முகம் தெளிந்தது. நசீறா ராத்தா, என்ன பிள்ளை, மாப்பிள்ளையிட்ட இருந்து தகவல் வந்ததா என்றே கேட்டுவிட்டாள்.

தை மாதம் வந்தது. பெருநாளன்று தாயும் மகளும் மன்னாருக்கு பஸ் ஏறி, பூசை கண்டு, மெழுகுதிரி கொளுத்தி, வெயில் ஏற முன்னம் வீடு திரும்பினார்கள். டிலோஜினிக்கு ஏழு வயது கடந்திருந்தது. பஸ்ஸில் வரும்போதே அது கையை மணந்து மணந்து பார்த்தது, மெழுகுதிரி மணம் ஒட்டியிருக்கிறதா என்று. வீட்டுக்கு வந்ததும் சொல்லாமலே போய்க் கையும் முகமும் கழுவிக்கொண்டு வந்து, பாயில் கண்ணை மூடி இருந்தது. பிள்ளைக்குப் பெட்டி திறப்பதும் கோயிலின் மிச்சம்.

அருள்நாயகி பெட்டியைத் திறந்து பையை எடுத்தாள். ஒட்டு அப்படியே இருந்தது. கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினாள்.

துணிக்கு முன்னம் மணம் வந்தது. வில்வம்பூ மணம். கொட்டிலுக்குள் காலை வைத்தவுடன் வருகிற அதே மணம், பைக்குள் ஒரு வருஷம் இருந்து முற்றி, தேன்போலத் தடித்து வந்தது. முதலில் பூ, பிறகு அவர் என்று அவள் தனக்குச் சொல்லிக்கொண்டாள். சாரத்தை உதறினாள். காய்ந்த பூக்கள் பாயெல்லாம் கொட்டின. நீலக் கட்டங்களில் அங்கங்கே ஆவரசின் மஞ்சள் இறங்கியிருந்தது. இருந்தாலும் வழக்கம்போல மடித்து, பிள்ளையின் மூக்கடியில் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

"ஆர் இது, சொல்லு."

டிலோஜினி இழுத்து மணந்தாள். பிறகு இன்னொரு தரம். பிள்ளைக்கு அவசரமில்லை, சரியாகச் சொல்ல வேண்டும் என்ற கவனம்தான் முகத்தில் இருந்தது. பிறகு முகம் மலர்ந்தது. கண்ணைத் திறக்காமலே கையை நீட்டித் தாயின் சட்டையைப் பிடித்தது.

"இது நீங்கள் அம்மா."

அருள்நாயகி பிள்ளை விளையாடுகிறது என்று நினைத்தாள். இல்லையடி, வடிவாப் பார், இது அப்பா என்று சொன்னாள். பிள்ளை மறுபடியும் மணந்தது. தாயின் மடியில் மூக்கை வைத்து மணந்தது, சாரத்தை மணந்தது, இரண்டையும் ஒத்துப் பார்த்தது.

"இதில அப்பா இல்லை. நீங்கள்தான் இருக்கிறீங்கள்."

அவள் சாரத்தைப் பறித்து முகத்தில் வைத்தாள். ஒரு வருஷமாக மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தவள் இப்போது கஞ்சத்தனம் பார்க்கவில்லை. தலைப்பில் தேடினாள், மூட்டுத் தையலில் தேடினாள், இடுப்பில் சொருகுகிற இடத்தில் தேடினாள், பீடி சுட்ட ஓட்டைக்குள் விரலை விட்டுத் தேடினாள். எல்லா இடத்திலும் பூ. கொட்டிலில் அவளுடைய கையில் இருந்த பூ, தலைமயிரில் இருந்த பூ. பஸ்ரியன் எங்கும் இல்லை. காற்றாக இருந்தால் இன்னும் கொஞ்சம் விட்டு வைத்திருக்கும். அவனைக் கடைசித் துளிவரை துடைத்து எடுத்தது அவளுடைய கை. பிள்ளைக்கு முன்னால் அழுவதில்லை என்று வைத்திருந்த வைராக்கியமெல்லாம் போய், அவள் சாரத்தை மார்போடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

டிலோஜினி பயந்துபோய் அவளுடைய முதுகைத் தடவியது. தான் பிழையாகச் சொல்லிவிட்டோமோ என்று அதற்குப் பட்டது. பிறகு, அழவேண்டாம் அம்மா, அப்பாட மணம் எப்பிடி எண்டு நீங்கள் சொல்லுங்கோ, நான் பாடமாக்கி வச்சிருக்கிறன் என்றது. பள்ளிக்கூடத்தில் எதையும் ஒரு தரம் கேட்டால் பாடமாக்கிவிடுகிற பிள்ளை.

அருள்நாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். உப்பு என்றாள். பீடி என்றாள். வேர்வை, மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய். பிள்ளை தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டது. அதெல்லாம் கரையில் எந்த மனிதனிடமும் உள்ளவை என்று சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. அவற்றுக்கு அடியில் இருந்த மற்றதுக்கு வந்தாள். அதைச் சொல்ல முடியாது, ஆனால் நினைக்கலாம் என்றுதான் இவ்வளவு காலமும் இருந்தாள். கண்ணை மூடி நினைத்துப் பார்த்தாள். ஒலிபெருக்கி கேட்டது, காற்சட்டையின் நிறம் தெரிந்தது, வந்து உடுத்திறன் என்ற சத்தம் வந்தது. மணம் வரவில்லை. மூக்கு முழுக்க வில்வம்பூதான்.

"பிறகென்ன அம்மா?" என்று டிலோஜினி கேட்டது. "அப்பா வந்தா நான் அவரை எப்பிடிக் கண்டுபிடிக்கிறது?"

வெளியே யாரோ பெருநாள் வெடி கொளுத்தினார்கள், அடுத்த வீட்டு நாய் குரைத்து ஓய்ந்தது. பிள்ளை குனிந்து பாயில் கிடந்த பூக்களைப் பொறுக்கத் தொடங்கியது. அருள்நாயகி சாரத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பெட்டிக்குள் வைத்தாள். மூடியைச் சாத்தினாள். கழுத்துக் கயிற்றில் திறப்பு இருந்தது. பெட்டியைப் பூட்ட அவளுக்குத் தோன்றவில்லை.